கடற்கரைச் சாலையில் கடல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் பயணப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். கடற்கரை பற்றி அதில் என்ன வந்தாலும் சென்னையில் காரை எடுத்து, மாமல்லபுரத்தில் படம் பிடித்து, புதுச்சேரியில் காபி குடிப்பதோடு முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது சார், அதில் 150 கிலோமீட்டரையே எத்தனை தடவைதான் எழுதுவீர்கள்?

கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரன் கடலுக்குப் போகச் சென்னையைச் சுற்ற வேண்டியதே இல்லை. 77-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியில் கிளம்பி எங்கள் ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி என்று போய்த் திண்டிவனத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்தச் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வருடக்கணக்கில் இழுத்தடித்தபோது நாங்கள் தின்ற புழுதி தனிக் கதை, அதை இப்போது விடுங்கள். வழியில் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம் கிடைத்தது இந்த ஒன்றுக்குத்தான். அதன் மூன்று மலைகளில் ஒன்றுக்குப் பெயரே கிருஷ்ணகிரி என்பது எங்கள் மாவட்டத்திலேயே பல பேருக்குத் தெரியாது. ஆனால் நான் எழுத வந்தது மலையைப் பற்றி அல்ல.

மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் மண்டியை விட்டு நகர முடியாது என்பதால் தை மாதக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்பினோம். புதுச்சேரியில் தொடங்கி தனுஷ்கோடி வரை கடலோரமாகவே போவது என்று திட்டம். புதுச்சேரியில் குறை ஒன்றும் இல்லை. அங்கே 1980-களில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டியதில் வடக்கு நோக்கி நகர்கிற மணல் தடுக்கப்பட்டு நகரத்துக் கடற்கரையே கரைந்துபோனது, பிறகு கருங்கல்லைக் குவித்துத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்றாலும், சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்களை நிம்மதியாக நடக்க விடுகிறார்கள், உட்காரவும் இடம் இருக்கிறது. மறுநாள் காலையில் தெற்கே கிளம்பியதும்தான் விஷயம் புரிந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பேர் வைத்தால், இடது பக்கம் கடல் கூடவே வரும் என்றுதானே எவனும் நினைப்பான்? கடலூர் தாண்டினோம், சிதம்பரம் வந்தது, சீர்காழி வந்தது. வயல், செங்கல் சூளை, கல்யாண மண்டபம், மறுபடி வயல். கடலை மட்டும் காணோம். "ஏன்டா, கடலோரமாப் போறோம்னு சொன்னியே, கடல் எங்கடா?" என்று பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டார்கள். மச்சான் செல்போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "பக்கத்துலதான் அத்தை இருக்கு, ஆனா எந்தப் பக்கம் திரும்பறதுன்னுதான் தெரியல" என்றான். இந்த மடலின் மொத்தக் குறையும் அவன் சொன்ன இந்த ஒரு வரிதான். சாலைக்கும் கடலுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான், பல இடங்களில் அதுவும் இல்லை. ஆனால் எங்கே திரும்ப வேண்டும், திரும்பினால் கார் போகுமா, போனால் நிறுத்த இடம் உண்டா என்று சொல்ல ஒரு பலகை பார்ப்பது அபூர்வம். நகைக்கடை விளம்பரமும் கட்சிக்காரர்களின் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும் கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது.

சாலை உள்ளே தள்ளிப் போவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், அப்புறம் காவிரி பிரிந்து பிரிந்து போகிற கிளைகள் என்று வரிசையாக ஆறுகள் கடலில் விழுகிற நாடு அது. முகத்துவாரத்தில் எது ஆறு, எது கழி, எது கடல் என்று சொல்ல முடியாத இடத்தில் பாலம் போட முடியாது, சாலை கொஞ்சம் மேற்கே ஒதுங்கித்தான் ஆக வேண்டும். கரையில் மீனவர் ஊர்கள் இருக்கின்றன. அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நினைத்ததைக் கட்ட முடியாது என்று 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். நான் சாலையை அலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடச் சொல்லவில்லை. பலகைதான் கேட்கிறேன்.

தென்பெண்ணையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரி அணையில் மீன் வறுவல் சாப்பிடாத ஆள் எங்கள் மாவட்டத்தில் இருக்க முடியாது, ஆனால் அந்த அணைத் தண்ணீர் சாத்தனூர் வழியாகக் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று நேரில் பார்த்தவர்கள் குறைவு. கடலூருக்குச் சற்று வடக்கே அது கடலில் கலக்கிறது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது, அடுத்த நாள் எங்கள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரி நிரம்பி, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே டிவியில் பார்த்தது. அந்தத் தண்ணீர்தான் பாம்பாற்றில் இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணையிலிருந்து பெருக்கெடுத்து விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களை மூழ்கடித்த வெள்ளத்தோடு கலந்தது. ஆக, கடலோரத்துக்காரர்களுக்கும் எங்களுக்கும் இருப்பது ஒன்றும் தூரத்து உறவு இல்லை. அந்த முகத்துவாரத்தைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். பாலத்தில் ஆற்றின் பெயர் எழுதியிருக்கிறது, அதோடு சரி. டீக்கடையில் விசாரித்து, சந்து சந்தாகப் போய், எதிரே மீன் வண்டி வர நாங்கள் பின்னாலேயே அரை கிலோமீட்டர் வந்து, கடைசியில் அம்மாவுக்கு முதுகு வலிக்கிறது என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது தரங்கம்பாடி. எங்கள் பக்கம் அறுபதாம் கல்யாணம் என்றால் திருக்கடையூர்தான். வேன் பிடித்து ராத்திரியே கிளம்பி, விடிகாலையில் ஹோமம், மாலை மாற்றல், இலைச் சாப்பாடு, போகிற போக்கில் வைத்தீஸ்வரன் கோயில், திருநள்ளாறு, அப்புறம் வேனில் எல்லாரும் தூக்கம். இப்படி வருஷம் முழுக்க எங்கள் மாவட்டத்து வேன்கள் அந்த ஊருக்குப் போய் வருகின்றன. அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கிற தரங்கம்பாடிக்கு வேனைத் திருப்பியவர்கள் எத்தனை பேர் என்று நான் விசாரித்த வரையில் கைவிரல் மடக்கும் அளவுக்குக்கூட ஆள் தேறவில்லை. 1620-இல் டென்மார்க்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுக் கட்டிய கோட்டை, கடலைப் பார்த்தபடி இன்னமும் நிற்கிறது. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் இந்த ஊரில் அச்சகம் வைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார். 1845-இல் டென்மார்க்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் வாயிலைத் தாண்டினால் தெரு நேராகக் கடலை நோக்கி ஓடுகிறது, இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள், சத்தமே இல்லை. கடற்கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில், 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றக் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அம்மா கோட்டைக்குள் வரவில்லை, அந்தக் கல்மேல் உட்கார்ந்துகொண்டு, "இத பாக்காம திருக்கடையூர்லருந்தே திரும்பிப் போனோமே அன்னிக்கு" என்று சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை நினைத்துக் கோபப்பட்டார்கள்.

காரைக்கால் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. டீசல் விலை குறைவு என்பதால் எல்லாரும் டேங்கை நிரப்புகிறார்கள், நாங்களும் நிரப்பினோம். அம்மையார் கோயிலில் ஆனி பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். மாங்காய் வியாபாரியான நான் அதைப் பார்க்க ஒரு வருஷம் போகலாமென்றால், அப்போதுதான் இங்கே லோடு ஏற்றுகிற உச்ச நேரம். நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாருக்கும் தெரிந்த ஊர்கள், அங்கே வழி கேட்கவே வேண்டாம், கூட்டம் போகிற திசையில் போனால் போதும். 2004 சுனாமியில் தமிழ்நாட்டில் அதிகம் பேர் செத்தது இந்த நாகை மாவட்டத்தில்தான்.

வேதாரண்யம்தான் எனக்கு முக்கியம். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியில் தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே கிளம்பி, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். தொரப்பள்ளி வீடு எங்கள் மாவட்டத்தில் நினைவில்லமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படிக்கிறார்கள், அப்புறம் யாரும் அந்த இடத்துக்குப் போவதில்லை. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகிற வழியில் அகஸ்தியம்பள்ளி, அங்கே நினைவுத்தூண், அதைச் சுற்றியுள்ள பகுதியெல்லாம் உப்பளம். கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கணுக்கால் நனைகிற அளவுதான். வெயிலில் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. நாங்கள் போனபோது ஒரு பாத்தியில் ஆணும் பெண்ணுமாக வரிசை கட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்கள். மழை முடிந்ததும் இப்படி மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்தினால்தான் தண்ணீர் இறங்காமல் நின்று காய்ந்து உப்பாகுமாம். "உப்பு எங்கண்ணே?" என்று கேட்டான் என் மகன். "இப்பதான் தம்பி பாத்தி கட்டுறோம், மாசி பொறக்கட்டும், வெள்ளையா பூக்கும்" என்றார் ஒருவர், மிதிப்பதை நிறுத்தாமல். வரப்பில் பனையோலை போர்த்திய பழைய உப்புக் குவியல் ஒன்று இருந்தது, ஓலையைக் கொஞ்சம் விலக்கி ஒரு கல் உப்பை எடுத்துக் கொடுத்தார். அவன் அதை வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அங்கிருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் பாதத்தை நான் பார்த்தேன், உப்புத் தண்ணீர் அரித்து விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. வேலை பார்க்கிறவர்களைப் படம் பிடிக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

கோடியக்கரையில் சாலை முடிந்துபோகிறது. 1967-இலிருந்து சரணாலயம், வெளிமான் கூட்டம் கூட்டமாக மேய்கிறது, குளிர்காலத்தில் பூநாரை வரும். சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் ஒன்று இருந்ததாம், அதை சுனாமி கொண்டுபோய்விட்டது. வனத்துறைப் பலகைகள் இருந்ததால் இங்கே மட்டும் யாரையும் வழி கேட்கவில்லை. வைக்க மனசிருந்தால் வைக்க முடிகிறது, பாருங்கள்.

அங்கிருந்து திரும்பி மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாகப் போனால் கடலின் குணமே மாறிவிடுகிறது. பாக் நீரிணை ஆழம் குறைவு, அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, எங்கள் ஊர் ஏரிகூடக் காற்றடித்தால் இதைவிடத் துள்ளும். மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர்கள் தோற்கடித்ததற்குச் சந்தோஷப்பட்டு இரண்டாம் சரபோஜி 1814 வாக்கில் எட்டு நிலைக் கோபுரமாகக் கட்டியது. எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்குத் தஞ்சாவூர்க் கடற்கரையில் கோபுரம்! இந்தக் கடலில்தான் 2022-இல் கடல்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். கடல்பசு கண்ணில் படாது, சரி. ஆனால் இங்கே ஒரு மிருகம் இருக்கிறது, கடல் புல்லைத் தின்று வாழ்கிறது, வலையில் சிக்கினால் செத்துவிடும் என்று எழுதிய பெரிய பலகை ஒன்று பெரிய சாலையிலேயே இருந்தால் பிள்ளைகள் இறங்கிப் படிப்பார்கள் அல்லவா?

மனோரா தாண்டி மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வரை நீளமான வெறும் சாலை. ஆண்கள் எங்கேயோ ஒதுங்கிக்கொள்கிறோம். பெண்கள்? இதை நம் பத்திரிகைகள் எதுவும் பயணக் கட்டுரையில் எழுதுவதே இல்லை. ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி முதலாளியிடம் இருக்கிறது, முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். இன்னொன்றில் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து அம்மாவும் என் மனைவியும் தண்ணீரே குடிக்காமல் வந்தார்கள் என்பது எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் தெரிந்தது. சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துக்கு, சுத்தமான கடற்கரைக்குத் தருகிற நீலக்கொடிச் சான்று வாங்கினார்கள், நல்லது, மூங்கில் குடையும் சறுக்கு மரமும் வைத்தார்கள். நாங்கள் கேட்பது குடை இல்லை. ஒரு கதவு, உள்பக்கத் தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், கூட்டிப் பெருக்க அந்த ஊர்ப் பெண் ஒருவருக்கு மாதச் சம்பளம். ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும், பத்து ரூபாய் கூட வாங்கிக்கொள்ளட்டும்.

நிறுத்த இடம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பாம்பன் பாலத்தைப் பார்த்தால் போதும். 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலத்தில் நிற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எல்லாரும் நிற்கிறார்கள். பக்கத்தில் நடுப்பாகம் அப்படியே மேலே தூக்கிக்கொள்கிற புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது முதல் கேட்கவே வேண்டாம், பஸ் போக வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே கிடக்கிறது. நானும் திட்டிக்கொண்டேதான் போனேன், ஆனால் யோசித்துப் பார்த்தால், புதுச்சேரியிலிருந்து வண்டியில் உட்கார்ந்தபடி நாங்கள் கடலைப் பார்த்ததே அங்கேதான் முதல் தடவை. அதை விட்டால் அரிச்சல்முனை. 1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடியைத் தாண்டி 2017-இல் போட்ட சாலை, ஒரு பக்கம் பெண் கடல், மறு பக்கம் ஆண் கடல் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள், காரில் இருந்தபடியே இரண்டையும் பார்க்கலாம். அம்மாவுக்கு அங்கேதான் மனசு ஆறியது.

இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்களைப் போன்ற உள்மாவட்டத்துக்காரர்கள்தான் இதில் சாகிறோம். கிணற்றிலும் அணையிலும் நீச்சல் பழகிய பையன்கள் கடலிலும் அதே தைரியத்தில் இறங்குகிறார்கள். இரண்டு அலை வரிசைக்கு நடுவே அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடம்தான் ஆபத்து, கரைக்கு வந்த தண்ணீர் அத்தனையும் அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே திரும்புகிறது, ஆளையும் சேர்த்து இழுக்கும். கரையைப் பார்த்து நேராக நீந்தினால் கை ஓய்ந்து போகும், கரைக்குப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தி வெளியே வந்து, அப்புறம்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். இது மீனவர் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எங்கள் ஊர் பட்டதாரிக்குத் தெரியாது. "இங்கு குளிக்கக் கூடாது" என்று மட்டும் எழுதி வைக்கிறார்கள், ஏன் என்று எழுதுவதில்லை. ஏன் என்று சொல்லாத எதையும் நம் ஆட்கள் கேட்பதில்லை, குடித்துவிட்டு வருகிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. கடலுக்குப் பிரிகிற ஒவ்வொரு சாலை முனையிலும், ஊர்ப் பெயர், தூரம், கார் போகுமா வேன் போகுமா, குளிக்கலாமா கூடாதா என்று தமிழில் ஒரு பலகை. அந்தந்த மீனவ ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்டு வையுங்கள், வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற இடத்தில் வைக்காதீர்கள், வலை காயப்போடுகிற இடத்தில் போய் எங்கள் வேன்கள் நின்றால் அவர்களுக்குத் தொந்தரவுதான். வண்டி நிறுத்தக் கட்டணத்தை அந்தப் பஞ்சாயத்தே வாங்கிக்கொண்டு கழிப்பறையையும் பார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தட்டை அங்கேயே போட்டுவிட்டு வருகிறவர்களிடம் இரண்டு மடங்கு வாங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த தடவை பயணப் பக்கத்தில் கடற்கரை என்று போட்டால், சென்னையை விட்டுவிட்டு, கிருஷ்ணகிரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ கிளம்புகிற மாதிரி ஒன்று போடுங்கள். திருக்கடையூர் போகிற வேன்காரர்கள் கிழித்து டேஷ்போர்டில் வைத்துக்கொள்கிற அளவில் ஒரு வரைபடத்தோடு, எந்தெந்த முனையில் திரும்ப வேண்டும் என்று குறித்து. நாங்கள் விசாரித்து விசாரித்துத் தெரிந்துகொண்ட முனைகளை எல்லாம் மச்சான் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறான், கையெழுத்துதான் கொஞ்சம் மோசம். வேண்டுமென்றால் சொல்லுங்கள், படியெடுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
மாங்காய் மண்டி வைத்திருக்கும் ஒரு வாசகர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.